பள்ளத்துக்கு இறங்கிய வேலி

ஆபீசரம்மா வீடு பார்க்க வந்த அன்றைக்கு எங்கள் வீட்டில் சமையலறையே இல்லை. நடுச்சுவரை இடித்துக் கூடத்தோடு சேர்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. அடுப்பு படுக்கையறையில், பாத்திரமெல்லாம் குளியலறையில், இடித்த செங்கல்லும் கருங்கல்லும் வாசலில் மலை மாதிரி. எங்களுக்குக் குழந்தையைத் தத்துக் கொடுக்கலாமா கூடாதா என்று எழுதப்போகிறவர் இந்தக் கோலத்தைப் பார்த்தால் என்ன நினைப்பாரோ என்று வாசலைப் பெருக்கிக்கொண்டே இருந்தேன்.

"வீட்டைக் கட்டிப் பார்னு சொன்னவன், ரிப்பேர் பண்ணிப் பார்னு சொல்ல மறந்துட்டான்" என்று என் அக்கா ஏற்கெனவே கேலி பண்ணியிருந்தாள்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம். தத்துப் பட்டியலில் பெயர் கொடுத்து நாலு வருஷம். நான் பல் செட் செய்கிற லேபில் வேலை பார்க்கிறேன். ஊர்க்காரர்கள் சிரிப்பில் பாதி என் கைவேலை. என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஐந்து வயதுப் பெண் குழந்தை இருக்கிறாள் என்று போன் வந்தபோது இருவரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டு அழுதோம். சனிக்கிழமை காலைகளில் இரண்டு முறை ஹோமுக்குப் போய் ஆபீஸ் அறையில் அவளைப் பார்த்தோம். ஒல்லியாக, கறுப்பாக, உருண்டைக் கண்களோடு, நாற்காலி நுனியில் உட்கார்ந்து நாங்கள் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். திரும்பி வரும்போதே அவர் அவளுக்கு 'மிளகு' என்று பெயர் வைத்துவிட்டார். ரிக்கார்டில் என்ன பெயர் இருந்தாலும் எங்கள் வாயில் அதுதான் தங்கியது.

ஆபீசரம்மா இடிபாட்டைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. "தூசிதானே, போயிடும்" என்றார். குழந்தையின் அறை, ஜன்னல் கம்பி, மின்சார பிளக், மருந்துப் பெட்டி எல்லாவற்றுக்கும் நோட்டில் டிக் போட்டார். பிறகு பின்கதவைத் திறந்தார். அங்கேயே நின்றுவிட்டார்.

நாங்கள் அந்த வீட்டை வாங்கியதே பின்பக்கத்துக்காகத்தான். படியிறங்கினால் முப்பது நாற்பது காலடி நீளத்துக்குத் தோட்டம். தோட்டம் என்று சொல்வது மரியாதைக்கு. இடுப்பளவு புல், சாய்ந்துபோன ஒரு கொய்யா மரம், அப்படியே சரிந்துகொண்டே போய்த் தண்ணீரில் முடியும். அகலமான கால்வாய். அக்கரையில் யாராவது பேசினால் குரல் கேட்கும், பேச்சு புரியாது. அவ்வளவு தூரம். வீட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு கல்கூட இல்லை.

ஆபீசரம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு புல்லை விலக்கிக் கரை வரைக்கும் போனார். கிடந்த ஒரு கம்பை எடுத்துத் தண்ணீரில் விட்டார். கம்பு தீர்ந்தது, ஆழம் தீரவில்லை.

"ஆறு வாரம் டைம் தர்றேன்" என்றார். "இந்தப் பக்கத்தை அடைச்சிட்டுக் கூப்பிடுங்க. அடைக்காம நான் கையெழுத்துப் போட முடியாது. தப்பா எடுத்துக்காதீங்க."

"சரிங்க மேடம், நீங்க சொல்றது சரிதான்" என்றார் என் கணவர். உண்மையில் அவருக்குத் தன் மேலேயே கோபம். அதைத் தானே முதலில் பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்தார்.

அதற்குக் காரணம் உண்டு. அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் கதவுப் பூட்டு அடிக்கடி மக்கர் பண்ணியிருக்கிறது. யாரோ ஒருவன் அவசரத்துக்கு அதில் ஒரு கம்பியைச் சுற்றிவிட்டுப் போயிருக்கிறான். மறுநாள் மூன்றாம் மாடியில் கதவு திறந்தது, லிஃப்ட் வரவில்லை. பேப்பர் படித்துக்கொண்டே ஒருவர் உள்ளே கால் வைத்தார். கீழே டார்ச் அடித்துப் பார்க்கப் போனது என் கணவர். அதிலிருந்து அவர் கதவு என்று எதைக் கண்டாலும் இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார். எங்கள் வீட்டு கேஸ் சிலிண்டரை மூடினோமா என்று மூன்று முறை.

நான் ஒரு தோட்டக்காரம்மாவைக் கூட்டி வந்தேன். எங்கள் லேபுக்கு எதிரே இருக்கிற ஆஸ்பத்திரித் தோட்டத்தைப் போட்டவர். ஐம்பது வயதிருக்கும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தோளில் மட்டம் பார்க்கிற தண்ணி டியூப், சுருட்டியபடி. டியூபின் ஒரு நுனியைப் பின்படியில் என்னைப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறு நுனியோடு கரைக்கு இறங்கிப் போனார். அளந்துவிட்டு மேலே வந்தார்.

"படிக்கும் கரைக்கும் எட்டடி இறக்கம் இருக்கு. ஆறடி வேலியைக் கொண்டுபோய்க் கீழே தண்ணிக்கு மேல நிறுத்துங்க. தலை உங்க படிக்கு ரெண்டடி கீழே நிக்கும். வேலி இருக்கிறதே கண்ணுக்கு உறுத்தாது. தண்ணியும் தெரியும், தோட்டமும் உள்ளே வந்துடும்."

"கீழே மண்ணு எப்படி?" என்று கேட்டார் என் கணவர்.

"லொடலொடன்னுதான் இருக்கு. முதல்ல கரையைக் கட்டணும்."

"எவ்வளவு நாள் ஆகும்?"

"மழை வராம இருந்தா ரெண்டு மாசம்."

"எங்களுக்கு இருக்கிறது ஆறு வாரம். இது அழகுப் போட்டி இல்லம்மா. பிள்ளை உயிர்."

தோட்டக்காரம்மா வாதாடவில்லை. டியூபைச் சுருட்டிக்கொண்டார். "வீட்டுக்குள்ள உக்காந்து பாருங்க. அப்புறம் தோணுச்சுன்னா கூப்பிடுங்க" என்றார்.

வேலி பின்படியிலிருந்து பத்தடியில் வந்தது. அங்கேதான் தரை கெட்டியாக, மட்டமாக இருந்தது. வெல்டரோடு நின்று என் கணவர் ஒவ்வொரு கம்பியையும் பார்த்துப் பார்த்துப் போட்டார். ஏறுவதற்குக் கால் வைக்க இடமில்லாதபடி எல்லாம் நெட்டுக் கம்பி. இரண்டு கம்பிக்கு நடுவே என் முஷ்டி நுழையாது. நடுவில் ஒரு கேட்டு. தானாகச் சாத்திக்கொள்ளும், தாழ்ப்பாள் என் தலைக்கு மேலே, அதற்கு மேலே ஒரு பூட்டு. வேலிக்கு அந்தப் பக்கம் புல்லும் கொய்யாவும் பழையபடி கிடந்தன.

அக்கா வந்து பார்த்தாள். கம்பியைத் தட்டினாள். "வேலி ரொம்ப நல்லா இருக்குடி. புலி எப்ப வருது?" என்றாள்.

எல்லோரும் சிரித்தோம். ஆபீசரம்மா வந்தார், பூட்டை இழுத்துப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

மிளகு ஒரு புதன்கிழமை வந்தாள். கையில் ஒரு துணிப்பை. செருப்பைக் கழற்றிச் சுவர் ஓரமாக, நூல் பிடித்த மாதிரி வைத்தாள். எங்கள் செருப்புகளையும் எடுத்து அதே வரிசையில் வைத்தாள். தண்ணீர் குடிக்க அனுமதி கேட்டாள். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவினாள். அவர் குரங்கு மாதிரி சேஷ்டை பண்ணிக் காட்டினார், ஐந்து வித பொம்மை வாங்கி வந்தார். அவள் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள், நாங்கள் ஏதோ கூட்டத்தில் பேசுகிறோம் போல. அம்மா என்றும் கூப்பிடவில்லை, ஆன்ட்டி என்றும் கூப்பிடவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து நிற்பாள்.

நான் மூன்று மாதம் லீவு போட்டிருந்தேன். ஒரு விஷயம் கவனித்தேன். மத்தியானம் ஆனால் மணி கேட்டுக்கொண்டே இருப்பாள். மூன்றே முக்காலுக்கு முகம் கழுவி, தலையில் தண்ணீர் தொட்டுப் படியவைத்து, பின்பக்கம் போய்விடுவாள். கேட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் அசையாமல் நிற்பாள். பிறகு உள்ளே வந்து கைகால் கழுவுவாள்.

"இவளுக்குக் கால்வாய்னா உசிருங்க" என்று நான் அவருக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அவருக்கும் சந்தோஷம்.

எட்டாவது நாள் நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"என்னடா பாக்குற? மீனா?"

"இல்ல. கேட்டுகிட்ட நிக்கிறேன்."

"எதுக்கு?"

"நாலு மணிக்கு நிக்கணும்ல?" இதுகூடத் தெரியாதா என்பதுபோல என்னை ஏறிட்டாள். "பாக்க வர்றவங்க நாலு மணிக்குத்தான் வருவாங்க."

அவளே மறுபடி கேட்டாள். "இங்க மத்த பிள்ளைங்கல்லாம் எப்ப வருவாங்க? இது சின்ன ஹோமா?"

சாயங்காலம் அவரிடம் சொன்னேன். போட்ட சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்து போய்ப் பின்படியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து நானும் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் ஐந்து வயதுப் பிள்ளையின் கண் உயரம். அந்த உயரத்தில் தோட்டம் இல்லை, கால்வாய் இல்லை. கம்பி, கம்பி, கம்பி. நடுவில் கீற்றுக் கீற்றாகத் தண்ணீர்.

"அக்கா அன்னைக்கே சொன்னாங்க" என்றார்.

"அவ எப்பவும் ஏதாவது சொல்லுவா."

"நான் அதை ஜோக்குன்னு நினைச்சேன்."

மறுநாள் காலையில் தோட்டக்காரம்மாவுக்கு அவரே போன் பண்ணினார். நான் அப்பவே சொன்னேனே என்று அந்த அம்மா ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை. "உங்ககிட்ட பூட்ஸ் இருக்கா சார்?" என்று மட்டும் கேட்டாராம்.

ஆபீசரம்மாவிடம் அனுமதி கேட்டோம். கீழே புது வேலி நின்று, அவர் வந்து பார்க்கிற வரைக்கும் மேலே இருக்கிற பழைய வேலியில் ஒரு கம்பிகூட அசையக்கூடாது என்றார். அதனால் மிளகு பழைய வேலிக்கு உள்ளே, வேலை முழுவதும் வெளியே. ஆட்கள் பக்கத்துச் சந்து வழியாகப் போய் வந்தார்கள். வீட்டுக்குள் சமையலறைக்குத் தரைக்கல் பதிக்கிறவர் ஒரு பக்கம் தட்டிக்கொண்டிருப்பார், கீழே கடப்பாரைச் சத்தம். நடுவில் மிளகு படியில் உட்கார்ந்து இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பாள்.

புல்லை வெட்டியதும் எங்களுக்கே எங்கள் தோட்டம் புதிதாக இருந்தது. பாதி வழியில் ஒரு திட்டு, அதற்குக் கீழே இன்னொரு சரிவு. கரை ஓரமாகப் பத்து தூண்கள் குழி தோண்டி நட்டார்கள். என் கணவர் வேலை முடிந்து வந்ததும் பூட்ஸை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். ஒவ்வொரு தூணையும் இரண்டு முறை ஆட்டிப் பார்ப்பார்.

இரண்டாவது வாரம் மழை பிடித்தது. மூன்று நாள் விடாமல் கொட்டியது. கால்வாய் இரண்டடி ஏறி, வந்த வழியே இறங்கியது. இறங்கும்போது கரையின் ஒரு பெரிய பாளத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. ஐந்து தூண்கள் குடிகாரர்கள் மாதிரி தண்ணீர்ப் பக்கம் சாய்ந்து நின்றன.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "போதும். ஊருக்குப் புத்தி சொல்ற நானே பிடிமானம் இல்லாத இடத்துல தூண் நட்டிருக்கேன். பழைய வேலியே இருந்துட்டுப் போகட்டும். கலர் மாத்தி அடிச்சுக்கலாம்."

"கலரா?" என்றேன்.

அவர் சாய்ந்த தூணைப் பார்க்க இறங்கினார். பாதி வழியில் கால் சறுக்கியது. உட்கார்ந்த வாக்கில், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, பூங்காவில் சறுக்குமரம் விளையாடுகிறவர் மாதிரி நேராகக் கீழே போய், முழங்கால் ஆழச் சேற்றில் 'தொப்'பென்று நின்றார்.

மேலேயிருந்து ஒரு சத்தம். முதலில் எனக்குப் புரியவில்லை. மிளகு சிரிக்கிறாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரிக்கிறாள். எங்கள் வீட்டுக்கு வந்த இருபத்துமூன்று நாளில் அதுதான் முதல் தடவை. அவர் சேற்றிலேயே உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவே மனசு வரவில்லை அவருக்கு. அதற்குப் பிறகு கலர் பேச்சு வரவில்லை.

தோட்டக்காரம்மா வந்து கரையைக் கையால் அழுத்திப் பார்த்தார். "தப்பு என்னுது. நீங்க அவசரப்பட்டீங்கன்னு நானும் அவசரப்பட்டேன். கரையோட பாதத்தைக் கட்டாம மேல தூண் நட்டிருக்கக் கூடாது" என்றார். பிறகு வாசல் பக்கம் கையைக் காட்டினார். "அங்க கிடக்கிற கல்லெல்லாம் என்ன பண்ணப் போறீங்க?"

இடித்த சமையலறைச் சுவர் அப்படித்தான் கால்வாய்க்குப் போனது. கம்பி வலையில் பெரிய பெரிய கூண்டுகள் பின்னி, கரையடியில் வரிசையாக இறக்கி, கல்லை உள்ளே நிரப்பி வாயைக் கட்டினார்கள். தள்ளுவண்டியில் நானும் ஓட்டினேன். மிளகு தன் பிளாஸ்டிக் வாளியில் சின்னக் கற்களைப் பொறுக்கி, கேட்டு வரைக்கும் கொண்டுவந்து வைப்பாள். நான் எடுத்துப் போவேன். "இதுவும் போட்டீங்களா?" என்று ஒவ்வொரு வாளிக்கும் கணக்குக் கேட்பாள். அதற்கு மேலே இரண்டு சரிவிலும் சாண் இடைவெளியில் வெட்டிவேர் நாற்று. "இது மேல வளர்றதைவிடக் கீழேதான் வளரும். ரெண்டு வருஷத்துல கரையைத் தைச்சு வச்ச மாதிரி பிடிச்சுக்கும்" என்றார் தோட்டக்காரம்மா.

தூண்கள் இந்த முறை திட்டின் கெட்டி மண்ணில், ஆழமாக, கான்கிரீட்டோடு நின்றன. ஆனாலும் தலை படிக்குக் கீழேதான். வெல்டர் கம்பிகளைப் பொருத்தி முடித்த அன்று படியில் நின்று பார்த்தேன். வேலி இருக்கிறது என்று தெரிந்துதான் தேட வேண்டியிருந்தது. அதற்கு மேலே கால்வாய் முழுசாக, அக்கரை மரங்களோடு.

ஆபீசரம்மா வந்து கீழ் வேலியில் வைத்த புது கேட்டைப் பத்து முறை திறந்து விட்டுப் பார்த்தார். பத்து முறையும் தானாகச் சாத்திக்கொண்டது. பிறகு யாரும் எதிர்பார்க்காமல் செருப்பைக் கழற்றிவிட்டு வேலியில் காலைத் தூக்கி வைத்தார். வழுக்கியது. இன்னொரு இடத்தில் வைத்தார். அதுவும் வழுக்கியது. "ஏற முடியல" என்று திருப்தியாகச் சொல்லி, மூச்சு வாங்கிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அன்று மத்தியானமே வெல்டர் பழைய வேலியை அறுத்து எடுத்துவிட்டார்.

எங்களுக்கு ஒரே பெருமை. அவர் அரை நாள் லீவு போட்டு வந்திருந்தார். மிளகு தூங்கி எழுந்து வரட்டும் என்று படியில் காத்திருந்தோம். அவள் எழுந்தாள், முகம் கழுவினாள், தலையைப் படியவைத்தாள், பின்கதவுக்கு வந்தாள்.

அவள் முகத்தில் நாங்கள் எதிர்பார்த்தது வரவில்லை.

"கேட்டு எங்க?"

"எடுத்தாச்சுடா! இப்ப பாரு, தண்ணி எவ்வளவு அழகாத் தெரியுது! கீழ வரைக்கும் நீ ஓடலாம்!"

அவள் பழைய கேட்டு இருந்த இடத்துக்குப் போனாள். தரையில் தூண் நின்ற குழிகள் மட்டும் இருந்தன. அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்தாள். "இப்ப நான் எங்க நிக்கிறது? பெரியக்கா வந்தா எப்படித் தெரியும்?"

அவ்வளவுதான். அணை உடைந்த மாதிரி அழுதாள். வந்த நாளிலிருந்து சேர்த்துவைத்த அழுகையெல்லாம் அன்றைக்கு வந்தது. விக்கலுக்கு நடுவே துண்டு துண்டாகச் சொன்னாள். ஹோமில் ஒரு பெரியக்கா. இவளுக்குத் தலை பின்னிவிடுவாள், ராத்திரி பக்கத்தில் படுத்துக்கொள்வாள். கிளம்புகிற அன்றைக்கு இவள் காதில் சொல்லியிருக்கிறாள்: நாலு மணிக்குக் கேட்டுகிட்ட நில்லு, நான் கண்டிப்பா வருவேன்.

அவளை மடியில் போட்டுக்கொண்டு நானும் அழுதேன். இரண்டு மாதமாக மண்ணோடும் மழையோடும் மல்லுக்கட்டி நாங்கள் எடுத்தது எங்கள் கண்ணை உறுத்திய கம்பியை. அந்தக் கம்பி அவளுக்குக் கூண்டே இல்லை. யாரோ ஒருத்தி வரப்போகிற இடம்.

"லிஃப்ட் நின்னுடுச்சுன்னு போன் வந்தா, எந்த மாடியில நிக்கிறீங்கன்னுதான் முதல்ல கேப்பேன்" என்றார் அவர் மெதுவாக. "இவகிட்ட நான் அதைக் கேக்கவே இல்ல பாரு."

அவர் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "பெரியக்காவுக்கு நம்ம வீட்டு வழி தெரியாதும்மா. நாங்க போய்க் கேக்குறோம். வருவாங்களான்னு இப்ப எனக்குத் தெரியாது. தெரிஞ்ச உடனே முதல்ல உன்கிட்டதான் சொல்லுவேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை நெடுநேரம் பார்த்தாள். "சரிப்பா" என்றாள். அந்த வார்த்தையை அவர் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. எழுந்து உள்ளே போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவிக்கொண்டே இருந்தார்.

ஆபீசரம்மாவுக்குப் போன் பண்ணினேன். "ஆமா, அப்படி ஒரு பொண்ணு இருக்கா. பதினாலு வயசு. அந்த வயசுல யாரும் கேக்க மாட்டாங்க, பாருங்க" என்றார். "பொதுவா இப்படி அனுப்புறதில்ல. கேட்டுப் பாக்குறேன்."

பதினாறு நாள் ஆயிற்று. ஒவ்வொரு நாளும் மிளகு கேட்டாள், ஒவ்வொரு நாளும் இன்னும் பதில் வரவில்லை என்று உள்ளதைச் சொன்னோம். நாலு மணிக்கு அவள் நிற்பதற்கு வாசல் ஜன்னலடியில் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தோம். தெரு முழுக்கத் தெரியும்.

பெரியக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆபீசரம்மாவோடு வந்தாள். வளர்ந்துவிட்டதால் கை நீளம் பற்றாத சட்டை, இறுக்கமாக மடித்துக் கட்டிய இரட்டைப் பின்னல். ஓடிப்போய்க் கட்டிக்கொள்வாள் என்று நாங்கள் நினைத்த மிளகு, என் பின்னால் வந்து ஒளிந்துகொண்டாள்.

"ஏய்" என்றாள் பெரியக்கா. "யாரு உனக்குத் தலை பின்னினது? கோணவகிடு."

பின்னியது நான். காலையில் அரை மணி நேரம் செலவழித்துப் பின்னியிருந்தேன். அவள் மிளகை இழுத்து முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, என் பின்னலை அவிழ்த்து, மறுபடி பின்னினாள். மிளகு கண்ணை மூடிக்கொண்டு தலையைக் கொடுத்தாள். எனக்குப் பொறாமையாக இருக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

பிறகு அந்தப் பெண் வீடு பார்த்தாள். அப்படித்தான் சொல்ல வேண்டும். குழந்தை படுக்கிற கட்டிலை அழுத்திப் பார்த்தாள். புதுச் சமையலறையில் கத்தி எங்கே வைக்கிறீர்கள் என்று கேட்டாள். கடைசியில் தோட்டத்தில் இறங்கி, வேலி ஓரமாக ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் நடந்தாள். ஒவ்வொரு இடைவெளியிலும் முஷ்டியை வைத்துப் பார்த்தாள். கேட்டுகிட்ட வந்து நின்று, கையை உயர்த்தித் தாழ்ப்பாளைத் தொட்டாள். எட்டியது.

"இது எனக்கு எட்டுதே. இவ என் உயரத்துக்கு வந்தா என்ன பண்ணுவீங்க?"

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் ஆபீசரம்மாவைப் பார்த்தேன். ஆபீசரம்மா நோட்டைப் புரட்டினார்.

"உங்களுக்கு நீச்சல் தெரியுமா?" என்று என்னைக் கேட்டாள்.

"தெரியாதும்மா."

"சாருக்கு?"

"இல்ல..."

"ரெண்டு பேருக்கும் தெரியாது. கால்வாய்க் கரையில வீடு." பெரிய மனுஷி மாதிரி பெருமூச்சு விட்டாள். "இவளையும் சேத்துக் கத்துக்கோங்க."

மத்தியானம் வரைக்கும் இருந்தாள். இருவரும் வேலிக்கு உள்ளே, வெட்டிவேர் வரிசைகளுக்கு நடுவே உட்கார்ந்து ரகசியம் பேசினார்கள். கிளம்பும்போது மிளகு அவள் கையை விடவில்லை. "நீ இங்கயே இருந்துடுக்கா."

"எனக்குப் பரீட்சை இருக்கு" என்றாள் பெரியக்கா, தெருவைப் பார்த்துக்கொண்டே. "அடுத்த மாசம் வர்றேன். இனிமே நீ எங்கயும் நிக்க வேணாம். எனக்கு வழி தெரியும்."

அன்றைக்கு மிளகு மணியே கேட்கவில்லை.

அதற்குப் பிறகு மாதத்தின் இரண்டாவது ஞாயிறு பெரியக்கா வருகிறாள். அவளும் இங்கே வந்துவிட்டால் என்ன என்று நாங்கள் இருவரும் பேசிப் பேசி, ஆபீசரம்மாவிடம் கேட்டோம். "என்னைக் கேக்காதீங்க, அவளைக் கேளுங்க" என்றார். கேட்டோம். அவள் முகம் சிவந்து, பிறகு கல் மாதிரி ஆனது. "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். ஏழு மாதம் ஆகிறது. இன்னும் சொல்லவில்லை. நாங்களும் திரும்பக் கேட்கவில்லை. பதினாலு வருஷமாக யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்ல அவளுக்கு நாள் பிடிக்கும்.

நடுவில் ஒரு பெருமழை வந்து போனது. கரை ஒரு பிடி மண்கூட விடவில்லை. அவர் போய் இரண்டு முறை ஆட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

நீச்சலுக்கு மூன்று பேரும் சேர்ந்தோம். நாற்பத்தொரு வயதில், நகராட்சி நீச்சல் குளத்தின் ஆழமில்லாத பக்கத்தில், எல்கேஜி பிள்ளைகளோடு வரிசையில் நிற்கிறேன். மிளகு இரண்டாவது வாரமே தவளை மாதிரி போக ஆரம்பித்துவிட்டாள். அவர் மரக்கட்டை மாதிரி மிதப்பார், ஆனால் நகர மாட்டார். நான் அம்மிக்கல். அதைக் கேள்விப்பட்ட அக்கா, "இறங்குறப்ப சொல்லுடி, ஊரே வந்து தண்ணி எறைச்சுத் தேடணும்" என்றாள்.

போன ஞாயிறு பெரியக்கா குளத்துக்கே வந்துவிட்டாள். கரையில் கைகட்டி நின்றாள். என்னைக் குளத்தின் குறுக்கே ஒரு தடவை நீந்திக் காட்டச் சொன்னாள். பாதி தூரம் போனேன். மீதி தூரம் குளத்தைக் குடித்துக்கொண்டே நடந்தேன். மூச்சிரைக்க அந்தப் பக்கம் போய் நின்றபோது அவள் சிரிக்கவில்லை.

"கால் இன்னும் சரியா அடிக்கல" என்றாள்.

நான் திரும்பி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.